மூன்றடி அலை

ஷைனி லேண்டில் கடல் என் விரலில் இருக்கிறது.
பச்சைப் பட்டன் அலை. சிவப்பு அமைதி.
மணிக்கு ஒரு தடவை, பத்து நிமிடம்.
மூன்றடிக்கு மேல் ஏறாது என்று
கோயம்புத்தூர்க்காரன் மோட்டாரின் நெற்றியில்
எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

நானும் கடற்கரைதான், பெயர் பெர்க்மான்ஸ்.
வள்ளத்தில் ஏறினால் வாந்தி வரும்.
அதனால் இங்கே.

திங்கள்சந்தையிலிருந்து கருங்கல் போகிற பஸ்ஸில்
கண்டக்டர் இந்த இடத்தை "சூளை" என்றுதான் கூவுவார்.
சூளை அணைந்து இருபத்தாறு வருஷம்.
செங்கலுக்குத் தோண்டிய குழியில்
இரண்டு இடவப்பாதி தேங்கி நிற்க,
மஸ்கட்டிலிருந்து திரும்பிய தேவசகாயம் முதலாளி
மீன் விடலாமா, மூடி ரப்பர் வைக்கலாமா என்று
ஒரு மாசம் கரையில் நின்றாராம்.
அப்போது திருவிழா முடிந்த ஊரில்
கூலிப் பாக்கிக்கு விட்டுப்போன ராட்டினம் ஒன்று
மலிவாய் வந்தது.
அவ்வளவுதான் வரலாறு.

பிறகு குட்டி ரயில்.
பிறகு பேய் வீடு. பேய்க்கு மாசச் சம்பளம்,
ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக முடியவில்லையே என்று
இன்றைக்கும் குறைப்படும்.
பிறகு மெழுகு மண்டபம்.
ஒரு சித்திரையில் நான்கு மணி நேரம் கரண்டு இல்லை,
ராஜாவின் மீசை தாடைக்கு இறங்கிவிட்டது,
விஞ்ஞானிக்கு மூக்கே போய்விட்டது.
கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிற லூர்துவிடம்
ஒரு கட்டு வாங்கி, உருக்கி,
நான்தான் மூக்கு வைத்தேன்.
பிள்ளைகள் அவரைப் பார்த்துத்தான் அதிகம் சிரிக்கிறார்கள்.

ஷைனி இப்போது கனடாவில்.
போர்டில் "னி" எரிவதில்லை.

போன மாசம் ஒரு செவ்வாய், வெறிச்சென்று கிடந்தது.
குறும்பனையிலிருந்து ஒரு வேன்.
அன்பியத்துப் பெண்கள், இருபத்தொரு பேர்,
பதினோரு மாசம் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு.
நைலான் உடுப்புக்கு வாடகை எழுபது.
வாங்கி மாட்டி, மேலே துண்டும் போர்த்தி,
படியில் வரிசையாக உட்கார்ந்து
கால்விரல் மட்டும் நனைத்தார்கள்.

தினமும் கடலைப் பார்க்கிறவர்கள்.
வள்ளம் வருகிறதா, என்ன மீன், என்ன விலை,
ஆள் வந்தாச்சா.
கணுக்காலுக்கு மேல் அதற்குள் போனதில்லை ஒருத்தியும்.

பச்சையை அமுக்கினேன்.

அலை எழும்பும் முன்
வெள்ளம் கொஞ்சம் பின்னால் போகும்.
மோட்டார் மூச்சு இழுக்கிற நேரம், அவ்வளவே.
மூன்று படி காலியாகி
நீலத் தரை ஓடு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

இருபத்தொரு பேரும் ஒன்றாக எழுந்து ஓடினார்கள்,
மேட்டைப் பார்த்து,
பாப்கார்ன் கடையும் தாண்டி.
யாரும் கத்தவில்லை.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக
நடுவில் சிவப்பை அமுக்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து
என் கண்ணாடிக் கூண்டின் கதவைத் தட்டியவள்
பெயர் பிரிஜிதாள் என்றாள்.
"எம்புட்டு ஒசரம் வரும் மக்கா?"
"மூணடி."
"சத்தியமா?"
சீட்டைக் காட்டினேன்.
எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தாள்.
"நிப்பாட்டுகது எது?"
காட்டினேன்.
அதன் மேல் விரலை வைத்தாள்,
மீன் செவுளில் வைக்கிற மாதிரி.
"நீ எழுப்பு. நான் இங்க நிக்கேன்."

பிறகு கூண்டுக்கு வெளியே தலையை நீட்டி
ஊருக்கே கேட்கிற தொண்டையில்
"எறங்குங்க பிள்ளையளே,
நிப்பாட்ட ஆளு இருக்கு!"

முழங்கால். இடுப்பு.
ஒருத்தி மல்லாந்தே விட்டாள்.
துண்டுகள் தனியாக மிதந்து மூலையில் ஒதுங்கின.
அந்தச் சிரிப்பைக் கேட்டு
பேயும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றது.

இருபத்தாறு நிமிடம் ஓட்டினேன்.
டீசல் கணக்கை எப்படியாவது எழுதிக்கொள்ளலாம்.
சிவப்பின் மேலிருந்த விரல்
ஒரு தடவையும் அமுங்கவில்லை, எடுக்கப்படவும் இல்லை.

சாயங்காலம் வேன் கிளம்பும்போது
பிரிஜிதாள் கவுண்டரில் நின்று சண்டை போட்டாள்.
ஒரு சொட்டும் படாத உடுப்பு,
தொட்டுப் பாரு என்று நீட்டி,
எழுபது ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் போனாள்.